லீவு எத்தனை நாள் பாக்கி இருக்கிறது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருத்தி, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். இன்னொருவர் மதுரையில் பாங்க் உத்தியோகம் பார்ப்பவர், நாலு வயசுக் குழந்தைக்குத் தாயார். மூன்றாவது கடிதம் உத்தியோகம் பார்க்கும் பெண்ணிடமிருந்து வந்ததல்ல. அப்படிப்பட்ட பெண்ணைப் பெற்ற ஓர் அம்மாள் தாம்பரத்திலிருந்து எழுதியிருக்கிறார். மூன்றையும் பிழிந்தால் சாறு ஒன்றுதான்: "எம்.பி.ஏ. படிப்பில் சேர இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நாளை எப்படி ஒழித்துக்கொள்வது?"

பரீட்சையில் எப்படித் தேறுவது என்று கேட்டிருந்தால் கையை விரித்திருப்பேன். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஊருக்கு ஊர் வகுப்புகள் நடக்கின்றனவே! ஒரு நாளை ஒழித்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்க மட்டும் எங்கேயும் வகுப்புக் கிடையாது.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. இந்திய மேலாண்மைக் கழகம் என்று 1961-ஆம் வருஷத்தில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஆரம்பித்த கல்லூரிகள் இன்று நாடு முழுவதும் இருபதுக்கு மேல் பெருகியிருக்கின்றன. பெங்களூருக்கு 1973-இல் வந்தது. நம் திருச்சிக்கு 2011-இல் வந்தது. ஐ.ஐ.எம். என்றால் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இவற்றில் சேர 'காட்' என்று ஒரு பொது நுழைவுப் பரீட்சை உண்டு. சில வருஷங்களாக அது நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. 2024-இல் நவம்பர் 24-ஆம் தேதி பரீட்சை; டிசம்பர் 19-ஆம் தேதி முடிவு. ஞாயிற்றுக்கிழமையாக இருப்பதால் பரீட்சை எழுதிய சங்கதி ஆபீஸுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் போய் உட்கார்ந்துவிடலாம்.

தொந்தரவெல்லாம் அதற்குப் பிறகுதான். மார்க் வாங்கியவர்களில் சிலரை ஒவ்வொரு கழகமும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்து நேரில் கூப்பிடுகிறது. ஜனவரியில் பெயர்ப் பட்டியல் வர ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச், சில இடங்களில் ஏப்ரல் வரைக்கும் இண்டர்வியூக்கள் நடக்கும். புதிய ஐ.ஐ.எம்.களில் பல சேர்ந்துகொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே இண்டர்வியூ நடத்திவிடுகின்றன. அந்த மட்டில் புண்ணியம். ஆனால் பழைய கழகங்களும் மற்றப் பெரிய கல்லூரிகளும் தனித்தனியாகத்தான் கூப்பிடும். ஆக, கெட்டிக்காரப் பெண் என்றால் எட்டு வாரத்துக்குள் நாலைந்து இண்டர்வியூ. கெட்டிக்காரத்தனத்துக்கு இப்படியும் ஒரு தண்டனை!

அந்த எட்டு வாரம் எந்த எட்டு வாரம் என்று பாருங்கள். பாங்கில் வருஷக் கணக்கு முடிகிற சமயம். கம்பெனிகளில் வருஷாந்தர வேலை மதிப்பீடு நடந்து, சம்பள உயர்வு யாருக்கு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிற சமயம். வீட்டில் குழந்தைகளுக்குப் பரீட்சை. இதற்கு நடுவே, "பிப்ரவரி 18-ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பெங்களூரில் ஆஜராகவும்" என்று இமெயில் வருகிறது. போகாமல் விட்டால்? அந்த வருஷத்து மார்க் அந்த வருஷத்துச் சேர்க்கைக்குத்தான் உதவும். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் நவம்பர், மறுபடியும் பரீட்சை. ஒரு நாள் லீவு கிடைக்காமல் ஒரு வருஷம் போவதென்றால் அது சின்ன விஷயமா?

சென்னைப் பெண்ணுக்கு வருகிறேன். அவளுக்கு மூன்று அழைப்புக்கள் வந்திருக்கின்றன. ஒன்று சென்னையிலேயே, ஒன்று பெங்களூரில், ஒன்று கம்ப்யூட்டர் வழியாக. லீவு பாக்கி இருப்பதோ இரண்டே நாள். "மானேஜரிடம் நிஜத்தைச் சொன்னால், 'இவள் போகப் போகிறவள்' என்று முத்திரை குத்திச் சம்பள உயர்வில் கையை வைத்துவிடுவார். ஜுரம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறாள்.

ஜுரம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் முதல் ஜுரம் பிப்ரவரி 18. இரண்டாவது ஜுரம் மார்ச் 4. மூன்றாவது ஜுரம் மார்ச் 13. இப்படித் தேதி குறித்துக்கொண்டு வருகிற ஜுரத்தை எந்த மானேஜர் நம்புவார்? மூன்றாவது தடவை அவரே டாக்டரிடம் அழைத்துப் போனாலும் ஆச்சரியமில்லை.

பொய் பாவம் என்று பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. கணக்கைத்தான் சொல்லுகிறேன். பிப்ரவரியில் உங்களிடம் பொய் கேட்டுக்கொண்ட அதே மனிதர்தான் மே மாதம் உங்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். அது எப்படியென்று கேளுங்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பலவற்றில், வேலையை விட்டுப் போவதானால் 90 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஐ.ஐ.எம்.களில் இடம் கிடைத்தது என்ற செய்தி ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகிறது. வகுப்புக்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் ஆரம்பமாகின்றன. மே 5-ஆம் தேதி செய்தி வந்து, அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்தாலும் 90 நாள் என்பது ஆகஸ்ட் 3-ஆம் தேதி போய் முடிகிறது. கல்லூரியில் அதற்குள் பாதி மாதப் பாடமல்ல, ஒரு மாதப் பாடத்துக்கு மேலேயே ஓடியிருக்கும். ஆபீஸிலிருந்து முறைப்படி விலகிவிட்டதற்கு அத்தாட்சிக் கடிதம் கொண்டுவா என்றும் கல்லூரியில் கேட்பார்கள். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு இரண்டு மூன்று வழிதான் உண்டு. சேர்த்து வைத்திருக்கும் லீவை நோட்டீஸ் நாளில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். குறைகிற நாட்களுக்குச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகலாம். அல்லது, "வேலையை இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள்" என்று கேட்கலாம். இவற்றில் எதற்கும் மானேஜர் மனசு வைக்க வேண்டும். மூன்று ஜுரத்தை நினைவில் வைத்திருக்கும் மானேஜர் எப்படி மனசு வைப்பார்?

அப்படியானால் நிஜத்தைச் சொல்லிவிடுவதா? அதையும் நான் சொல்லவில்லை. இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது இடம் கொடுத்ததாகாது. கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கிற ஒன்றுக்காகச் சம்பள உயர்வை இழப்பானேன்?

பொய்க்கும் மெய்க்கும் நடுவில் சொல்லாமலிருப்பது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நம் பெண்கள் அதை அதிகம் உபயோகிப்பதில்லை. லீவு விண்ணப்பத்தில் "சொந்த வேலை" என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். உங்கள் லீவு உங்களுடையது. ஆண்பிள்ளை ஒருவன் "சொந்த வேலை" என்று எழுதினால் ஆபீஸில் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெண் எழுதினால் மட்டும், "என்ன, கல்யாணம் நிச்சயமாகிறதா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேள்வி வரும். வரட்டுமே! சிரித்துக்கொண்டு போய்விடுங்கள். அவர்களாக ஊகித்துக்கொள்வதைத் திருத்த வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இடம் கிடைத்துவிட்டது என்று கையில் கடிதம் வந்த அன்றைக்கு, அன்றைக்கே, மானேஜரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். அப்போது நீங்கள் ஒளித்துவைத்தவளாக இருப்பீர்கள், ஏமாற்றியவளாக இருக்கமாட்டீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மானேஜர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் "சொந்த வேலை" எழுதியவர்கள்தானே?

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நியமன உத்தரவை இன்று ராத்திரியே எடுத்துப் படித்து வைத்துக்கொள். 90 நாளா, 60 நாளா, பணம் கட்டி விலக இடமிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். சில பெண்கள் அவசரப்பட்டு, "எப்படியும் கிடைத்துவிடும்" என்று மார்ச் மாதத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது அசட்டுத்தனம். ஜூலை மாதத்தில் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட ஆபீஸோடு தேதி பேரம் பேசுவது எவ்வளவோ மேல்.

லீவு இரண்டு நாள்தான் பாக்கி என்கிறாளே, அதற்கு என்ன வழி? இந்த வருஷம் சம்பளமில்லாத லீவுதான் வழி. ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது. ஆனால் அடுத்த வருஷம் பரீட்சைக்கு உட்காரப்போகும் பெண்களுக்குச் சொல்லுகிறேன். உங்கள் ஆபீஸில் லீவுக் கணக்கு ஜனவரியில் புதிதாகப் பிறக்கிறதா, ஏப்ரலில் பிறக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் பிறந்தால் நீங்கள் பாக்கியசாலி. பிப்ரவரி வரும்போது லீவு முழுசாக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று அதைக் கரைத்துவிடாமல் இருந்தால் சரி. ஏப்ரலில் பிறக்கிற கணக்கானால் பிப்ரவரி என்பது வருஷத்தின் அடிவண்டல். அந்த ஆபீஸ்காரர்கள் தீபாவளிக்கே இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும் என்று கணக்குப் போடும்போதும் ஏமாந்து போகக் கூடாது. உள்ளூர் இண்டர்வியூவுக்கு அரை நாள் போதும் என்று நினைக்காதீர்கள். காலை, பிற்பகல் என்று இரண்டு முறையாகக் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள் என்றால் எட்டு மணிக்குக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று அர்த்தமல்ல. சர்டிபிகேட்டுகளைச் சரிபார்ப்பார்கள், பல இடங்களில் ஒரு தலைப்பைக் கொடுத்துச் சிறு கட்டுரை எழுதச் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். உங்கள் பெயர் பட்டியலில் கடைசியாக இருந்தால் உச்சிப் பொழுது தாண்டிவிடும். இரண்டு மணிக்கு ஆபீஸில் மீட்டிங் என்று கைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுகிற பெண்ணுக்கு யார் மார்க் போடுவார்கள்? உள்ளூருக்கு ஒரு முழு நாள். வெளியூருக்கு இரண்டு நாள்.

கம்ப்யூட்டர் வழி இண்டர்வியூ 2021-இல் கொரோனாக் காலத்தில் பரவலாயிற்று. சில கல்லூரிகள் இன்றும் அப்படி நடத்துகின்றன. "அதற்கு லீவு எதற்கு? ஆபீஸிலேயே ஒரு காலி அறையில் உட்கார்ந்து முடித்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாள். வேண்டாம் அம்மா! ஆபீஸ் கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் ஆபீஸுக்குத் தெரிய வழியுண்டு. தவிரவும், பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்து, "இந்த அறை எங்களுக்கு மூன்று மணிக்கு" என்று நின்றால் உன் கதி என்ன? வீட்டிலிருந்தே பேசு. வீட்டிலும் அந்த ஒரு மணி நேரம் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, தண்ணீர் லாரி வந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் யாரும் நடக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடு. மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து, செல்போனில் இண்டர்நெட்டைத் தயாராக வைத்துக்கொள்.

நிற்க. தேதியையே மாற்றிக்கொள்ள முடியாதா என்று மூன்று கடிதங்களிலும் கேட்டிருக்கிறார்கள். சில கல்லூரிகள் காலியாக உள்ள நாட்களைக் காட்டி, "உங்களுக்குச் சௌகரியமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுண்டு. அப்படிக் காட்டினால் அன்றைக்கே, அந்த நிமிஷமே எடுத்துக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறு இருந்தால் அவைதான் முதலில் பறந்துபோகும். மற்றக் கல்லூரிகள் தேதியைத் தாமே குறித்து அனுப்பும். மாற்றம் கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பார்கள். அழைப்பிலேயே மாற்றம் கிடையாது என்று அச்சடித்திருந்தால் எழுதிப் பிரயோஜனமில்லை. அப்படி இல்லாவிட்டால், கேட்பதற்கு ஏற்ற காரணம் ஒன்றுதான் உண்டு: அதே நாளில் இன்னொரு கல்லூரியின் இண்டர்வியூவோ, எழுத வேண்டிய பரீட்சையோ இருப்பது. அதற்கு அத்தாட்சியும் காட்ட முடியும். "ஆபீஸில் வேலை அதிகம்" என்று மட்டும் எழுதாதீர்கள். கூப்பிடப்பட்டவர்களில் கணிசமானவர்கள் உத்தியோகம் பார்ப்பவர்கள்தான். எல்லோருக்கும் ஆபீஸில் வேலை அதிகம்தான்.

கடிதம் எழுதத் தெரியவில்லை என்று மதுரைச் சகோதரி கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதுவது இங்கிலீஷில் இருக்கும், ஆனால் சாரம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்: "தாங்கள் குறித்திருக்கும் மார்ச் 4-ஆம் தேதி காலையில் இன்னொரு கல்லூரியின் இண்டர்வியூ எனக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது. அதன் அழைப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். மார்ச் 2 முதல் 8 வரை வேறு எந்த நாளிலும், தாங்கள் இண்டர்வியூ நடத்தும் எந்த ஊரிலும் வரத் தயாராக இருக்கிறேன்." அவ்வளவே. கெஞ்சல் வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம். "எந்த ஊரிலும்" என்ற வார்த்தை முக்கியம். உங்களுக்காக அவர்கள் ஒரு நாளை உண்டாக்க வேண்டியதில்லை, இருக்கிற நாளில் ஓர் இடம் பார்த்தால் போதும் என்றால் மனசு இளகும். பதில் வருகிற வரையில் பழைய தேதிக்கே போகத் தயாராக இருங்கள். எழுதிவிட்டோம், மாற்றியிருப்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஊர் விஷயத்தில் இன்னொரு நுட்பம். ஆகஸ்ட், செப்டம்பரில் 'காட்' விண்ணப்பம் போடும்போதே, எந்த ஊரில் இண்டர்வியூவுக்கு வர விருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பரீட்சையே எழுதாத அந்தச் சமயத்தில் பெண்கள் இதை ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு தட்டல்தான் அரை நாளா, இரண்டு நாளா என்று தீர்மானிக்கிறது.

ரயில் சமாசாரம் தனி. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு செய்யலாம் என்று விதி வந்தது. அதற்கு முன்பு 120 நாள். இண்டர்வியூ அழைப்போ பல சமயம் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வருகிறது. அதற்குள் மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடமெல்லாம் போயிருக்கும். மிஞ்சுவது தத்கால். பிரயாணத்துக்கு முதல் நாள், ஏ.சி. பெட்டிக்குக் காலை பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினோரு மணி. பத்து மணி என்பது பாங்கில் கூட்டம் நெரிகிற நேரம் என்பதை ரயில்வேக்காரர்கள் யோசிக்கவில்லை! 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இண்டர்நெட்டில் தத்கால் எடுக்க முடியும். அதை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வேறு எதில் உதவி செய்யாவிட்டாலும் இதில் செய்யலாம்.

மதுரைச் சகோதரியின் நிலைமை சென்னைப் பெண்ணின் நிலைமையைவிடச் சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாங்கில் மார்ச் 31 நெருங்க நெருங்க லீவு என்ற வார்த்தையே அபசகுனம். அங்கே காஷுவல் லீவு வருஷத்துக்கு 12 நாள், ஜனவரியிலிருந்து கணக்கு. ஒரே மூச்சில் நாலு நாளுக்கு மேல் எடுக்க முடியாது. நாள் போதும், கொடுக்க மேலதிகாரிக்கு மனசுதான் வேண்டும். மாதத்தின் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பரிலிருந்து பாங்குகளுக்கு விடுமுறை. அந்த நாளில் இண்டர்வியூ விழுந்தால் சுவாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். இன்னொரு விஷயத்தில் இவருக்கு என் யோசனை மாறுகிறது. சென்னைப் பெண்ணிடம் சொல்லாமலிருக்கச் சொன்னேன். ஆனால் சர்க்கார் உத்தியோகத்திலும் பொதுத்துறையிலும் இருப்பவர்களிடம், "இவர் படிக்கப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு சான்று கேட்பது வழக்கம். அதற்குக் காகிதம் மேஜை மேஜையாக நகர வேண்டும். நகர்ந்து வர எத்தனை நாளாகும் என்று பாங்கில் வேலை செய்கிற அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவர் மானேஜரிடம் ஜனவரியிலேயே சொல்லிவிடுவதுதான் சரி. சொல்லும்போது வெறும் கையோடு போகாமல், தம்முடைய கவுண்டரை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் பேசி முடித்துக்கொண்டு போகட்டும்.

வீட்டில்? "மாமியார், 'இன்னும் என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது' என்கிறார். குழந்தையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?" என்று எழுதியிருக்கிறார். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கிற படிப்பு. பழைய பெரிய கழகங்களில் செலவு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். மாமியார் கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கேள்வியைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஆனால் இண்டர்வியூ வாரத்தில் பேசக் கூடாது. அந்த வாரத்தில் வீட்டில் பேச வேண்டியது தேதியைத்தான். "அத்தை, நான் மேலே படிக்கலாமென்று இருக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அது விவாதம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போகும். "அத்தை, 12-ஆம் தேதி ராத்திரி கிளம்பி 14-ஆம் தேதி காலையில் வந்துவிடுவேன். அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்றால் அது உதவி. உதவி கேட்டால் இல்லையென்று சொல்லுகிற மாமியார் நம் ஊரில் அபூர்வம். அதையும் கணவர் வாயால் கேட்கச் செய்வது உத்தமம்.

குழந்தைக்கு அன்றைக்கென்று ஜுரம் வந்தால்? இது நிஜ ஜுரம். தகப்பனார் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும். அவருக்கும் பன்னிரண்டு நாளோ பதினைந்து நாளோ லீவு இருக்கத்தானே செய்கிறது? அவருடைய லீவும் இந்தக் குடும்பத்து லீவுதான் என்பதை மார்ச் மாதத்துக்கு முன்னாலேயே ஞாபகப்படுத்தி வையுங்கள்.

தாம்பரத்து அம்மாளுக்குப் பதில் எழுதத்தான் எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. அவருடைய பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை இண்டர்வியூ. அதே வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம், ஜாதகம் பொருந்தியிருக்கிறது. "இண்டர்வியூவை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்கிறார்.

அம்மா, மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. இண்டர்வியூவைத் தள்ளிப்போட உங்கள் பெண்ணால் ஆகாது. குறித்தவர்கள் வேறு யாரோ. பெண் பார்ப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட உங்களால் ஆகும். பஞ்சாங்கத்தில் அடுத்த வாரமும் நல்ல நாள் இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடும்போது, "பெண்ணுக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடம்புக்கு என்ன என்று அவர்கள் துருவ ஆரம்பித்தால் அதுவே வேறு வினையாக முடியும். "எங்கள் பெண்ணுக்கு அன்றைக்கு எம்.பி.ஏ. சேர்க்கைக்கு இண்டர்வியூ. அடுத்த வாரம் வருகிறீர்களா?" என்று நிஜத்தையே சொல்லுங்கள். ஆபீஸில் மறைக்கலாம் என்றவள் இங்கே மட்டும் ஏன் சொல்லச் சொல்லுகிறேன் என்று கேட்பீர்கள். ஆபீஸ் மாறிக்கொள்ளக் கூடியது, அம்மா. மருமகள் இரண்டு வருஷம் ஆமதாபாத்திலோ கல்கத்தாவிலோ படிக்கப் போகிறவள் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறவர்களானால், அது காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுவது நல்லதல்லவா?

மதுரைச் சகோதரி பின்குறிப்பில் என்ன புடவை கட்டிக்கொள்வது என்று கேட்டிருக்கிறார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சாதாரணக் கைத்தறிப் புடவை போதும். ரயிலில் உடுத்திக்கொண்டு வருவது வேறாக இருக்கட்டும். எழும்பூரில் விடியற்காலையில் இறங்கியதும் பெண்கள் தங்கும் அறையில் குளித்து மாற்றிக்கொள்ளலாம். சர்டிபிகேட்டுகளின் அசலையும் நகலையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். பிப்ரவரி முதல் தேதி பார்லிமெண்டில் பட்ஜெட் வந்துவிடுவதால், பாங்க் உத்தியோகஸ்தரிடம் அதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். ரயிலில் தூக்கம் வராவிட்டால் அதைப் படிக்கலாம். கையில் நாலு இட்லி மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொள்ளுங்கள். தயிர் சாதம் வேண்டாம். உங்கள் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.